கிளவுடும் கிளஸ்டரும் கிரிட்டும் ஒன்றுதானா?

நண்பர் கேட்டது இதுதான்: "கிளவுட், கிரிட், கிளஸ்டர், டிஸ்ட்ரிபியூட்டட், யுடிலிட்டி, எட்ஜ் என்று ஆறு பெயர் சொல்கிறார்கள். எதை எடுத்துப் படித்தாலும் 'பல கணினிகள் சேர்ந்து வேலை செய்வது' என்றுதான் ஆரம்பிக்கிறது. அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? நான் மாத வாடகைக்கு ஒரு விபிஎஸ், அதாவது ஒரு பெரிய சர்வரில் எனக்கென்று பிரித்துத் தரப்பட்ட விர்ச்சுவல் சர்வர், வைத்திருக்கிறேன். நான் கிளவுடில் இருக்கிறேனா, இல்லையா?"

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இரண்டாவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் முதல் கேள்வி தெளிந்தால் அதற்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம். முதல் கேள்விக்கு வழக்கமாக ஓர் அட்டவணையைப் போட்டு ஆறு பெயரையும் வரிசையாக நிறுத்திப் பதில் சொல்வார்கள். தேர்வுக்கு அது உதவும். ஆனால் அந்த அட்டவணைதான் குழப்பத்துக்கே காரணம் என்று நான் நினைக்கிறேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்தவுடன் இவை ஒன்றுக்கொன்று போட்டியான ஆறு சரக்குகள் போலவும், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் போலவும் தோன்றிவிடுகிறது. உண்மையில் ஒவ்வொரு பெயரும் வேறு வேறு கேள்விக்குப் பதில். கணினிகள் எப்படி இணைக்கப்பட்டிருக்கின்றன என்பதற்குப் பதில் கிளஸ்டர். அவை யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் கிரிட். காசை எப்படிக் கணக்குப் பண்ணுவது என்று கேட்டால் யுடிலிட்டி. எந்த இடத்தில் இருக்கின்றன என்று கேட்டால் எட்ஜ். கிளவுட் பதில் சொல்லும் கேள்வி இவற்றில் எதுவுமே இல்லை: ஒரு கணினியை எடுக்கவும் திருப்பிக் கொடுக்கவும் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

நான் 18 ஆண்டுகளாக சர்வர்களோடுதான் பிழைக்கிறேன். முதலில் ஓர் ஆய்வுக்கூடத்தின் கிளஸ்டரைப் பராமரித்தேன், பிறகு வெப் ஹோஸ்டிங், அதன்பின் கிளவுட். எட்ஜ் பக்கம் என் கைவேலை குறைவு என்பதால் அதைப் பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்வேன்.

டிஸ்ட்ரிபியூட்டட் என்பதை முதலில் தனியாக எடுத்து வைத்துவிடலாம். அது குடும்பப் பெயர். தனித்தனிக் கணினிகள், அவற்றுக்கிடையே ஒரு நெட்வொர்க், செய்தி அனுப்பித்தான் ஒன்றுக்கு மற்றொன்றின் நிலை தெரியும், எது எப்போது விழும் என்று சொல்ல முடியாது: இவை பொருந்தினால் அது டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம். கிளஸ்டர், கிரிட், கிளவுட், எட்ஜ் எல்லாமே அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் 1987-ல் ஒரு மின்னஞ்சலில் இதற்கு ஒரு விளக்கம் எழுதினார்: இருப்பதே உங்களுக்குத் தெரியாத ஒரு கணினி பழுதாகி, உங்கள் கணினியைப் பயன்படுத்த முடியாமல் செய்துவிட்டால், அது டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம் என்று. சர்வர் விழுந்துவிட்டது என்று ராத்திரி 2 மணிக்கு எழுப்பப்பட்ட யாருக்கும் அதில் ஒரு சொல்லைக்கூட மாற்றத் தோன்றாது. ஆகவே "கிளவுடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டடுக்கும் என்ன வித்தியாசம்" என்று கேட்பதே சரியான கேள்வி ஆகாது. கிளவுட் அதன்மேல் கட்டப்பட்டது.

கிளஸ்டருக்கு வருவோம். ஒரே அறை, ஒரே உரிமையாளர், ஏறக்குறைய ஒரே மாதிரிக் கணினிகள், அவற்றை இணைக்கும் வேகமான நெட்வொர்க், எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய கணினி போல நடப்பது. 1994-ல் நாசாவின் காடர்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர் இருவரும் 16 சாதாரண 486 வகைக் கணினிகளை ஈதர்நெட்டால் இணைத்து 'பெயோவுல்ஃப்' என்று பெயர் வைத்தார்கள். கடையில் கிடைக்கும் பாகங்களும் லினக்ஸும் இருந்தால் சூப்பர் கம்ப்யூட்டர் வேலையில் ஒரு பங்கைச் செய்துவிடலாம் என்பதை அது காட்டியது. அதே ஆண்டில் எம்பிஐ என்ற செய்தி அனுப்பும் தரமும் வெளிவந்தது. ஒரு வானிலைக் கணக்கை நூறு கணினிகளுக்குப் பிரித்துக் கொடுத்தால், ஒவ்வொன்றும் தன் எல்லைக் கோட்டில் உள்ள எண்களைப் பக்கத்துக் கணினியோடு விநாடிக்குப் பலமுறை பரிமாறிக்கொள்ள வேண்டும். ஒன்று தாமதித்தால் மற்ற 99-ம் காத்திருக்கும். அதனால் கிளஸ்டரில் நாங்கள் உயிரைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டது அந்தத் தாமதத்தைத்தான். சாதாரண நெட்வொர்க்கில் பத்து மைக்ரோ விநாடிக் கணக்கில் ஆகும் பயணம் இன்ஃபினிபேண்ட் என்ற அதிவேக நெட்வொர்க்கில் ஒன்றிரண்டு மைக்ரோ விநாடியில் முடியும். அதற்காகவே அந்த விலை உயர்ந்த கேபிள்களை வாங்குவார்கள்.

கிளஸ்டரை வெளியிலிருந்து பயன்படுத்தியவருக்கு நினைவில் நிற்பது கேபிள் கிடையாது, வரிசைதான். ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவி வந்து உட்கார்ந்து, சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதுவார். எத்தனை நோடு (கிளஸ்டரில் உள்ள கணினி) வேண்டும், எத்தனை மணி நேரம் ஓடும், எவ்வளவு நினைவகம் என்று மேலே நாலு வரி. கீழே ஓட்ட வேண்டிய நிரல். அதை வரிசையில் போட்டுவிட்டு எழுந்து போவார். நிலையைப் பார்த்தால் 'காத்திருப்பில்' என்று இருக்கும். மறுநாளும் அப்படியே இருக்கும். 72 மணி நேரம் கேட்டால் இடம் கிடைக்கத் தாமதமாகும் என்று 48 போட்டவருக்கு, 48-வது மணி முடிந்ததும் முக்கால்வாசி முடிந்த கணக்கை, வரிசையை நிர்வகிக்கும் ஷெட்யூலர் இரக்கமில்லாமல் நிறுத்திவிடும். இடையிடையே நிலையைச் சேமிக்காமல் விட்டிருந்தால் இரண்டு நாள் வேலை போனது போனதுதான். அவர்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பதிந்த பாடம் இது: கிளஸ்டரில் கணினிகளின் எண்ணிக்கை மாறாது, ஆகவே காத்திருக்க வேண்டியது மனிதர்கள். கிளவுடோடு ஒப்பிடும்போது இதை மறக்காமல் வைத்திருங்கள்.

கிரிட் அடுத்தது. என் கிளஸ்டர் நிரம்பி வழிகிறது, இன்னொரு பல்கலைக்கழகத்தின் கிளஸ்டர் சும்மா இருக்கிறது, அதை நான் பயன்படுத்த முடியுமா? இந்த ஆசைதான் கிரிட். இயன் ஃபாஸ்டரும் கார்ல் கெசல்மனும் 1990-களின் இறுதியில் இதற்குக் கொள்கை வடிவம் கொடுத்தார்கள். 2002-ல் ஃபாஸ்டர், எது கிரிட் என்று பார்க்க மூன்று அளவுகோல் சொன்னார்: ஒரே அதிகாரத்தின் கீழ் இல்லாத வளங்களை ஒருங்கிணைக்க வேண்டும், திறந்த பொதுத் தரங்களைப் பயன்படுத்த வேண்டும், சாமானியமல்லாத தரத்தில் சேவை தர வேண்டும். முதல் அளவுகோல்தான் உயிர்நாடி. கிரிட்டில் தலைவர் ஒருவர் இல்லை. ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வு மையமான செர்னின் எல்எச்சி என்ற துகள் மோதுவியிலிருந்து வரும் தரவைக் கையாளும் உலகளாவிய எல்எச்சி கிரிட்டில் 40-க்கு மேற்பட்ட நாடுகளில் சுமார் 170 கணினி மையங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகம், தனி நிதி, தனிப் பாதுகாப்பு விதி. இவ்வளவு பேர் ஒருவரை ஒருவர் நம்புவதற்கான ஏற்பாடுகள்தான் கிரிட் தொழில்நுட்பத்தின் பெரும் பகுதி: யார் வந்திருக்கிறார், எந்த ஆய்வுக் குழுவைச் சேர்ந்தவர், எங்கள் கணினியில் அவருக்கு எவ்வளவு உரிமை என்று சான்றிதழ் வைத்துச் சரிபார்ப்பது. கணினியை இணைப்பதைவிட நிறுவனங்களை இணைப்பது கடினம் என்பதை அதில் வேலை செய்தவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள்.

கிரிட்டின் உறவுக்காரர் என்று தன்னார்வக் கணிமையைச் சொல்லலாம். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து 1999 மே மாதம் தொடங்கிய செட்டி அட் ஹோம், வீடுகளில் சும்மா இருந்த கணினிகளுக்கு ரேடியோ தொலைநோக்கித் தரவைத் துண்டு துண்டாக அனுப்பி ஆராயச் சொன்னது. 2020 மார்ச் வரை அது புதிய துண்டுகளை அனுப்பிக்கொண்டிருந்தது. அங்கே நம்பிக்கை ஒப்பந்தம்கூடக் கிடையாது. ஒரே துண்டை ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு அனுப்பி விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். துண்டுகள் ஒன்றோடொன்று பேச வேண்டிய வானிலைக் கணக்கை அதில் ஓட்ட முடியாது.

யுடிலிட்டி என்பது மின்சாரம் போல, தண்ணீர் போல, பயன்படுத்திய அளவுக்குக் காசு. எண்ணம் பழையது. 1961-ல் எம்ஐடியின் நூற்றாண்டு விழாவில் கணினி அறிவியலாளர் ஜான் மெக்கார்த்தி, தொலைபேசியைப் போலக் கணிமையும் ஒருநாள் பொதுச் சேவையாகலாம் என்று பேசினார். ஒரே பெரிய கணினியைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் டைம் ஷேரிங் அப்போதுதான் முளைவிட்டுக்கொண்டிருந்தது. பல ஆண்டுகள் கழித்து, 2000-களின் நடுவில், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஒரு சிபியு ஒரு மணி நேரம் ஓட ஒரு டாலர் என்று விலை வைத்து ஒரு சேவையைக் கொண்டுவந்தது. விலை முறையில் அது அப்பட்டமான யுடிலிட்டி. ஆனால் உங்கள் வேலையை அங்கே அனுப்பி ஓட்டி விடையை வாங்கிக்கொள்ளலாமே தவிர, ஒரு முழுக் கணினியை உங்கள் கையில் எடுத்து, நிர்வாகி உரிமையோடு நீங்கள் விரும்பிய ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டு, ஒரு வெப் சர்வரை நடத்த முடியாது. ஆகவே யுடிலிட்டி என்பது பில் போடும் முறைக்கான பெயர். கிளவுட் அந்த முறையை எடுத்துக்கொண்டது, அதோடு நின்றுவிடவில்லை.

இப்போது எல்லாவற்றையும்விட அதிகம் குழம்பும் இடம், விர்ச்சுவலைசேஷன். உங்கள் ஆறு பெயரில் அது இல்லை, ஆனாலும் அதைத் தாண்டாமல் கிளவுடுக்குப் போக முடியாது. ஓர் இயந்திரத்துக்குள் பல இயந்திரங்கள் இருப்பது போன்ற மாயையை ஐபிஎம் 1960-களிலேயே சாதித்துவிட்டது. 1967-ல் சிபி-67, 1972-ல் விஎம்/370. ஆனால் நம் மேசைகளில் இருந்த எக்ஸ்86 செயலிகளில் அது அவ்வளவு எளிதாக வரவில்லை. காரணம் நுணுக்கமானது. விருந்தாளி ஆபரேட்டிங் சிஸ்டம், அதாவது அந்த மாய இயந்திரத்துக்குள் ஓடுவது, செயலியின் நிலையை மாற்றும் கட்டளை எதையாவது கொடுத்தால், செயலி உடனே, விருந்தாளிகளை நிர்வகிக்கும் மேலாளர் மென்பொருளிடம் "இதைப் பாருங்கள்" என்று ஒப்படைக்க வேண்டும். எக்ஸ்86-ல் சில கட்டளைகள் அப்படிச் செய்யாது. பாப்எஃப் என்ற கட்டளையைச் சாதாரண உரிமையில் ஓட்டி இன்டரப்ட் கொடியை (குறுக்கீடுகளை ஏற்பதா வேண்டாமா என்று குறிக்கும் பிட்டை) மாற்றச் சொன்னால், செயலி மாற்றவும் மாற்றாது, புகாரும் செய்யாது, பேசாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். விருந்தாளி, தான் சொன்னது நடந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருக்கும். 1998-ல் தொடங்கிய விஎம்வேர், இப்படிப்பட்ட கட்டளைகளை ஓடும்போதே வேறு கட்டளைகளாக மாற்றி எழுதி இதைக் கடந்தது. 2003-ல் வெளிவந்த ஸென், விருந்தாளி ஆபரேட்டிங் சிஸ்டத்தையே கொஞ்சம் திருத்தி வழி கண்டது. 2005, 2006-ல் இன்டெலும் ஏஎம்டியும் செயலியிலேயே இதற்கு ஆதரவு சேர்த்தன. அதன்பின் இது சாதாரண விஷயம் ஆகிவிட்டது.

ஆனால் விர்ச்சுவலைசேஷன் இருந்தால் கிளவுட் வந்துவிடாது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் எல்லா சர்வர்களும் விர்ச்சுவல்தான். நல்ல கணினிகள், நல்ல மென்பொருள். ஒரு நிரலாளருக்கு சோதனைக்கு ஒரு மெஷின் வேண்டுமென்றால் படிவம் நிரப்புவார். மேலாளர் ஒப்புதல் தருவார். அது நெட்வொர்க் குழுவுக்குப் போய் ஐபி முகவரி வரும், பிறகு ஸ்டோரேஜ் குழுவுக்குப் போகும், கடைசியில் எங்களிடம் வரும். நாங்கள் டெம்ப்ளேட்டிலிருந்து நகல் எடுத்து உருவாக்க நாலு நிமிஷம். படிவம் போட்ட நாளிலிருந்து மெஷின் அவர் கைக்குப் போக ஆறு வேலை நாள். அந்த நாலு நிமிஷத்தைத் தந்தது விர்ச்சுவலைசேஷன். மீதி ஆறு நாளை ஒழிப்பதுதான் கிளவுட். இதில் இன்னொன்றும் நடந்தது. வாங்கவே ஆறு நாள் ஆகிறது என்பதால் வாங்கிய மெஷினை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். வேலை முடிந்து மாதங்கள் ஆன பிறகும் "வேண்டும், இருக்கட்டும்" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மறுபடி கேட்டால் மறுபடி ஆறு நாள்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. கிளவுட் என்றால் "வேண்டிய அளவு கிடைக்கும்" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். கிடைப்பது பாதிதான். வேண்டாதபோது அந்த நொடியே திருப்பிக் கொடுக்கலாம், கொடுத்ததும் பில் நின்றுவிடும், மறுபடி கேட்டால் மறுபடி நிமிஷத்தில் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருப்பதால் பதுக்கி வைக்கத் தேவை இல்லை. மற்ற மாதிரிகளிலிருந்து கிளவுடைப் பிரிக்கும் கோடு என் பார்வையில் இதுதான்.

அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட், 15 வரைவுகளைத் தாண்டி 2011 செப்டம்பரில் வெளியிட்ட விளக்கமும் இதையே வேறு சொற்களில் சொல்கிறது. அதில் ஐந்து பண்புகள்: மனிதத் தலையீடு இல்லாமல் பயனரே எடுத்துக்கொள்வது, நெட்வொர்க் வழியாக எந்தக் கருவியிலிருந்தும் அணுகுவது, வளங்களைப் பொதுக் குளமாக வைத்துப் பலருக்கும் பகிர்வது, விரைவாக விரிந்து சுருங்குவது, அளந்து கணக்கு வைப்பது. இந்த ஐந்தும் ஒருசேர இருக்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே புதிதில்லை. அளப்பது யுடிலிட்டியில் இருந்தது, பகிர்வது டைம் ஷேரிங்கில் இருந்தது.

கிட்டே போய்ப் பார்த்தால், ஒரு கிளவுடில் சர்வர் கேட்கும்போது நடப்பது இது. உங்கள் கோரிக்கை ஏபிஐ, அதாவது நிரல்கள் நேரடியாகப் பேசும் வாசல், வழியாகப் போகிறது. நீங்கள் யார், உங்களுக்கு இந்த உரிமை இருக்கிறதா, உங்கள் உச்சவரம்பைத் தாண்டுகிறதா என்று ஒரு பகுதி பார்க்கிறது. ஆயிரக்கணக்கான கணினிகளில் எதில் இடம் இருக்கிறது என்று இன்னொரு பகுதி தேடி ஒன்றைத் தேர்கிறது. அந்தக் கணினியில் உங்கள் பங்கு ஒதுக்கப்படுகிறது, டிஸ்க் இமேஜ் இணைகிறது, நெட்வொர்க்கில் உங்களுக்கு மட்டுமான வட்டம் வரையப்படுகிறது, முகவரி கிடைக்கிறது, பூட் ஆகிறது, மீட்டர் ஓட ஆரம்பிக்கிறது. எங்கும் ஒரு மனிதர் இல்லை. நான் முன்பு சொன்ன நெட்வொர்க் குழு, ஸ்டோரேஜ் குழு, ஒப்புதல் தந்த மேலாளர் எல்லோருடைய முடிவுகளும் முன்கூட்டியே விதிகளாக எழுதப்பட்டு நிரலுக்குள் போய்விட்டன. விர்ச்சுவலைசேஷன் இதில் ஒரு படி மட்டுமே.

அமேசான் 2006 மார்ச்சில் எஸ்3 என்ற சேமிப்புச் சேவையையும் ஆகஸ்டில் இசி2 என்ற சர்வர் சேவையையும் திறந்தபோது இசி2-வின் சின்ன சர்வருக்கு மணிக்கு 10 சென்ட். 2007-ல் நியூயார்க் டைம்ஸ் தன் பழைய இதழ்களின் சுமார் 4 டெராபைட் ஸ்கேன் படங்களை பிடிஎஃப் ஆக மாற்ற 100 இசி2 சர்வர்களை எடுத்து, 24 மணி நேரத்துக்குள் முடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நூறு சர்வர், 24 மணி நேரம், மணிக்கு 10 சென்ட், மொத்தம் 240 டாலர். ஒரே சர்வரை 100 நாள் ஓட்டினாலும் அதே 240 டாலர்தான். நூறு மடங்கு வேகத்துக்கு ஒரு சென்ட் கூடுதல் இல்லை. 2009-ல் பெர்க்லி ஆய்வாளர்கள் கிளவுட் பற்றி எழுதிய அறிக்கையில் இதைத்தான் கணிமையில் முன்பு இல்லாத நெகிழ்வு என்றார்கள். என் ஆய்வுக்கூடத்து மாணவியின் 48 மணி நேரத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே கணினிகள் நிலையாக நின்றன, அவர் காத்திருந்தார். இங்கே அவர் அவசரத்துக்கு ஏற்பக் கணினிகளின் எண்ணிக்கை மாறுகிறது.

இதில் ஓர் எச்சரிக்கை. கிளவுடுக்குப் போனால் நிரல் தானாக விரிந்து சுருங்கும் என்று நம்பிப் போகாதீர்கள். அந்தப் பிடிஎஃப் வேலை அப்படிப் பிரிந்ததற்குக் காரணம் ஒரு பக்கத்தை மாற்ற அடுத்த பக்கம் தேவையில்லை என்பதுதான். ஒரு விற்பனைத் தளத்தைக் கிளவுடுக்கு மாற்றும் வேலையில் நான் இருந்தேன். கூட்டம் வந்தால் வெப் சர்வர்கள் 4-லிருந்து 40 ஆகும்படி அமைத்தோம். கூட்டம் வந்தது, 40 ஆனது, தளம் முன்னைவிட மோசமாக நின்றது. எல்லா வெப் சர்வர்களும் ஒரே டேட்டாபேஸிடம் போய் நின்றன. முன்பு 4 பேர் தட்டிய கதவை இப்போது 40 பேர் தட்டினார்கள், இணைப்புகள் தீர்ந்துபோயின. கிளவுட் வேலை செய்ததால்தான் அந்த டேட்டாபேஸ் அவ்வளவு சீக்கிரம் விழுந்தது. குடும்பப் பெயர் டிஸ்ட்ரிபியூட்டட் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அந்தக் குடும்பத்தின் பழைய நோய்கள் எல்லாம் இங்கேயும் உண்டு. எதையும் கிளவுட் குணப்படுத்துவதில்லை.

சர்வர் இல்லாமல் மென்பொருளையே சேவையாகத் தருவது, நிரலை மட்டும் கொடுத்தால் ஓட்டித் தருவது, 2014-ல் அமேசான் அறிவித்த லாம்டா போல ஒரு ஃபங்ஷன் (சின்ன நிரல் துண்டு) ஓடும் நேரத்துக்கு மட்டும் காசு வாங்குவது எல்லாம் அதே கோட்டை மேலும் நீட்டியவை. எதைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்பது சிறிதாகிக்கொண்டே போகிறது.

எட்ஜ் வேறு கவலையிலிருந்து பிறந்தது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். டேட்டா சென்டர் 2,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போய்வர 20 மில்லி விநாடி, அதுவும் வழியில் எந்த ரூட்டரும் தாமதிக்காமல், கேபிள் நேர்கோட்டில் போனால். எவ்வளவு காசு கொடுத்தாலும் இதைக் குறைக்க முடியாது, இது இயற்பியல். ஓர் இயந்திரக் கையை உடனே நிறுத்த வேண்டிய முடிவையோ, ஒரு கேமரா விநாடிக்கு 30 படம் அனுப்பும் ஓடையையோ அவ்வளவு தூரம் அனுப்பிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே கணிமையைத் தரவு பிறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். பக்கத்தில் வைத்ததும் குளம் சின்னதாகிவிடுகிறது, வேண்டிய அளவு விரிய அங்கே இடம் இருக்காது. அதனால் எட்ஜும் கிளவுடும் சேர்ந்தே வருகின்றன: அவசர முடிவு அங்கே, கனமான கணக்கு இங்கே. சிஸ்கோ 2012 வாக்கில் பரப்பிய ஃபாக் என்ற சொல் இரண்டுக்கும் இடைப்பட்ட அடுக்கைக் குறிக்கிறது. நடைமுறையில் எட்ஜ், ஃபாக் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்பவர்களே அதிகம், அதில் ரொம்பப் பிடிவாதம் தேவையில்லை.

இதுவரை சொன்னதில் ஆண்டுகள், விலைகள், தொழில்நுட்பக் காரணங்கள் உறுதியானவை. எல்லைக்கோடுகளை எங்கே போடுவது என்பதில் துறைக்குள்ளேயே சண்டை உண்டு. முக்கியமானது பிரைவேட் கிளவுட். சொந்த டேட்டா சென்டரில், சொந்தக் கணினிகளில், ஊழியர்கள் தாங்களே பட்டனைத் தட்டி எடுத்துக்கொள்ளும்படி அமைத்தால் அது கிளவுடா? நிஸ்ட் விளக்கம் ஆம் என்கிறது. பெர்க்லி அறிக்கை பிரைவேட் கிளவுடைத் தன் விளக்கத்தில் சேர்க்கவில்லை. அங்கே கணினிகளை நீங்களே முன்கூட்டிக் காசு போட்டு வாங்கிவிட்டீர்கள், திருப்பிக் கொடுத்தாலும் அந்தக் காசு திரும்பாது. என் கருத்து நடுவில் நிற்கிறது: ஊழியரின் இருக்கையிலிருந்து பார்த்தால் அது கிளவுட், நிதி அலுவலரின் இருக்கையிலிருந்து பார்த்தால் அது சொந்தச் சொத்து. அதேபோல இப்போது கிளவுடிலேயே இன்ஃபினிபேண்டுக்கு இணையான வேக நெட்வொர்க்கோடு கிளஸ்டரை வாடகைக்குத் தருகிறார்கள். அது கிளஸ்டரா கிளவுடா என்றால் இரண்டும்தான். கேள்விகள் வேறு என்பதால் இரண்டு பதிலும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

கிளவுட் மலிவா என்பதற்கும் ஒற்றைப் பதில் இல்லை. இரவும் பகலும் ஒரே அளவு சுமை, ஆண்டு முழுக்க அப்படியே என்றால், எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கொடுக்கும் உரிமைக்கு நீங்கள் காசு கொடுக்கிறீர்கள், ஆனால் அந்த உரிமையைப் பயன்படுத்துவதே இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு சொந்த சர்வரோ நீண்டகால வாடகையோ குறைவாக வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஏறி இறங்கும் சுமை இருப்பவர்களுக்கு நேர்மாறு.

சரி, உங்கள் விபிஎஸ். பெயரில் கிளவுட் என்று போட்டிருக்கிறார்களா என்பதைப் பார்க்க வேண்டாம். கன்ட்ரோல் பேனலில் இதே போல இன்னொரு சர்வர் எடுக்க முயலுங்கள். ஒரு நிமிஷத்தில் எழுந்து நின்றால் ஒரு படி. அதையே ஏபிஐ வழியாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, யாரிடமும் பேசாமல் செய்ய முடிந்தால் இன்னொரு படி. பிறகு இரண்டு மணி நேரம் கழித்து அதை நீக்குங்கள். 'ஆஃப்' செய்தால் போதாது. பல இடங்களில் ஆஃப் செய்து வைத்த சர்வருக்கும் டிஸ்குக்கும் மீட்டர் ஓடிக்கொண்டேயிருக்கும், முழுதாக நீக்க வேண்டும். மாதக் கடைசியில் வரும் பில்லில் அந்த சர்வருக்கு இரண்டு மணி நேரக் கணக்கு மட்டும் இருந்தால், விபிஎஸ் என்று அவர்கள் அழைத்தாலும் நீங்கள் கிளவுடில் இருக்கிறீர்கள். முழு மாத வாடகையைப் பிடித்திருந்தாலோ, நினைவகத்தைக் கூட்ட உதவிக் குழுவுக்கு டிக்கெட் (கோரிக்கை) போட்டுக் காத்திருக்கச் சொன்னாலோ, உங்களிடம் இருப்பது விர்ச்சுவலைசேஷனில் பிரித்துத் தரப்பட்ட ஒரு வாடகை சர்வர். உங்கள் தளத்துக்கு வரும் கூட்டம் மாதம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், மாற்றத் தேவையில்லை.